மஞ்சுளாவின் குரலைக் கண்டுபிடித்த விதம்

காலை பதினொன்று பத்து. செவிப் பரிசோதனை அறையின் வாசலில் ஏழு ஜோடிச் செருப்புகள் கிடந்தன. கழற்றும்படி யாரும் சொல்லவில்லை. என் காதுக்குள் பொருத்திய கோக்லியர் கருவியை இயக்கிவைக்கும் நாளை, என் மனைவி வீட்டார் கிரகப்பிரவேசமாக எடுத்துக்கொண்டுவிட்டார்கள். குருபரப்பள்ளியிலிருந்து வேன் பிடித்து, புளிசோறு கட்டிக்கொண்டு, பெங்களூருவுக்கே வந்திருந்தார்கள்.

நான் ஓசூரில் செய்தியாளன். ஒரு காய்ச்சல் என் காதுகள் இரண்டையும் கொண்டுபோன பிறகு, உதட்டைப் பார்த்தே செய்தி எழுதினேன். (பெரிய மீசை வைத்த அதிகாரிகளின் பேட்டிகள் அந்த இரண்டு வருடமும் சுருக்கமாகவே வந்தன.)

மஞ்சுளாவுக்கு ஒரே ஆசை. “மொதல்ல எங் குரலத்தான் நீங்க கேக்கணும்.” அதற்காக ஒரு வாரம் ஐஸ்கிரீமைத் தொடவில்லை.

ஆடியாலஜிஸ்ட் மேடம் கணினியில் எதையோ அழுத்தினார்.

“ஏங்க, கேக்குதா?” என்றாள் மஞ்சுளா.

கேட்டது. தகர டப்பாவில் ஆணிகளைப் போட்டுக் குலுக்கியதுபோல. உதட்டைப் பார்த்து வார்த்தையைப் பிடித்துத் தலையாட்டினேன். மாமியார் அழுதார். அதுவும் ஆணிகள்தான்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். மச்சினன் சீனு விடவில்லை. “மாமா, கண்ண மூடுங்க. பேசறது யாருன்னு சொல்லுங்க பாக்கலாம்.”

“இவத்து பேடா சார், இன்னிக்கு வேணாம். மூளை பழக மாசக்கணக்குல ஆகும்” என்றார் மேடம், கன்னடத்தில் பாதி, தமிழில் பாதியாக.

“பரவால்ல மேடம்” என்று நான்தான் கண்ணை மூடினேன்.

ஆணிகள் குலுங்கின. ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

“மாமா!” என்றேன். (மாமனாரைத்தான்.) விட்டேனா? “அந்தக் கரகரப்பு ஒண்ணு போதுமே. பீடி புடிச்ச தொண்டைன்னு தனியாத் தெரியுதே!”

கண்ணைத் திறந்தேன். மாமனார் ஜன்னலோரம் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். எனக்கு முன்னால் பட்டுப்புடவையில் மஞ்சுளா.

“பதினாலு வருசம் குடும்பம் நடத்தியிருக்கறன். எங்கப்பன் குரலா எனக்கு?”

“ஏம்மா, எங் குரலுக்கு என்ன கொறச்சல்?” என்றார் மாமனார்.

உடனே ஒரு மறுப்பறிக்கை வெளியிட்டேன். “அப்படி இல்ல மஞ்சு. எல்லாருமே ஒரே மாதிரிதான் கேக்கறீங்க. தகர டப்பாவுல ஆணி குலுக்கற மாதிரி.”

மஞ்சுளா அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. வீட்டில் யாராவது தினமும் எனக்குச் சத்தமாகப் படித்துக்காட்ட வேண்டும் என்பது மேடத்தின் உத்தரவு. மாமனார் முன்வந்து எங்களோடு தங்கினார். டெண்டர் அறிவிப்பு, உர மூட்டை, மாத்திரை அட்டை என்று கையில் கிடைத்ததையெல்லாம் படித்தார்.

சில நாள் பொறுத்த மஞ்சுளா ஒரு சாயங்காலம் அவர் கையிலிருந்த பேப்பரைப் பிடுங்கினாள்.

“நகருப்பா. இப்படியே போனா உங் குரல்தான் இவரு மண்டைல நிக்கும்.”

அன்று முதல் அவளே படித்தாள். பல மாதங்களில் ஆணிகள் ஒவ்வொன்றாகக் குறைந்து, ஒரு பெண்ணின் குரல் வந்தது.

இன்றும் எங்கள் சொந்தத்தில் யார் எனக்குப் போன் செய்தாலும், “மாமனார் பேசறன்” என்றுதான் தொடங்குகிறார்கள். சீனுவின் சின்ன மகள் உட்பட.

மஞ்சுளா அடுத்த அறையிலிருந்து கூப்பிட்டாலும் இப்போது அவள்தான் என்று தெரிகிறது. பழைய குரல் மாதிரியே கேட்கிறதா என்று அவ்வப்போது கேட்கிறாள். பழைய குரல் எப்படி இருந்தது என்று எனக்கு நினைவில்லை.