தலையணைக் கடைக்கு முழுச்சுமைச் சோதனை

பெருமதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் எழுதிக்கொள்வது. நான் நலம் என்று எழுதினால் அது பொய்ச் சான்றிதழாகிவிடும்; லிஃப்ட் பரிசோதகராக இருந்த காலம் முழுவதும் அப்படியொரு சான்றிதழில் நான் கையெழுத்திட்டதில்லை. உங்கள் நலமும், அக்காவின் நலமும், உங்களிடம் வைத்தியத்துக்கு வரும் மாடு, நாய், பூனைகளின் நலமும் அறிய ஆவல். போன வாரத்திலிருந்து உங்கள் வீட்டில் இருக்கும் என் மனைவியின் நலத்தைத் தனியாகக் கேட்கிறேன்.

என்ன நடந்தது என்று அவள் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டாள். கேட்டால் “ஒண்ணுமில்லண்ணா” என்றிருப்பாள். வாய் பேசாத நோயாளிகளோடு காலம் தள்ளியவர் நீங்கள். அந்த ஒண்ணுமில்லைக்குள் எவ்வளவு இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. ஆகவே நடந்ததை நானே முறையாக எழுதுகிறேன். படித்துவிட்டு அவளை எப்படியாவது சமாதானம் செய்து அனுப்பி வையுங்கள். அவள் இல்லாத வீட்டில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

அவள் தைக்கும் தலையணைகளை நீங்கள் அறிவீர்கள். மற்றவர்கள் நீளம் அகலம் கேட்டுவிட்டுத் தைப்பார்கள், அவள் மட்டும் “எப்படிப் படுப்பீங்க?” என்று கேட்காமல் பஞ்சைத் தொடமாட்டாள். மல்லாந்து படுப்பவருக்கு ஒரு கனம், ஒருக்களித்துப் படுப்பவருக்கு ஒரு கனம். இதுவரை உறவுக்கும் அக்கம்பக்கத்துக்கும் சும்மா கொடுத்துக்கொண்டிருந்தவள், “முன்பின் தெரியாத ஒருத்தர் நம்மளத் தேடி வந்து வாங்கணும், அதான் எனக்கு ஆசை” என்று ஒருநாள் சொன்னாள். நம்மளத் தேடி என்று அவள் சொன்னதில் நானும் இருந்தேன் என்பது எனக்கு மிகவும் பிடித்துப்போனது. இணையத்தில் கடை திறந்து தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

மச்சான், இணையக் கடை என்றால் படம் போட்டு விலை எழுதினால் போதும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். திறந்து பார்த்தால் ‘அமைப்புகள்’ என்று ஒரு பக்கம். அதைத் தொட்டால் அதற்குள் இன்னும் பல பக்கங்கள். கடையின் பெயரில் தொடங்கினேன். அவள் ‘தலையணை’ என்று வைத்தால் போதும் என்றாள். நான் ‘தலையணைகள், முறைப்படி சோதிக்கப்பட்டவை’ என்று வைத்தேன். அடுத்து நேர மண்டலம் கேட்டது. வரிசையில் ஒன்று தள்ளி விரல் பட்டுவிட்டதால் எங்கள் கடைக்கு மட்டும் சாயங்காலமே மறுநாள் பிறந்துவிட்டது. பிறகு பொருளின் எடை. கிலோ என்று இருந்த கட்டத்தை கிராம் என்று எண்ணி நிரப்பிவிட்டேன் போலிருக்கிறது. மேல் வீட்டு மருந்துக்கடைக்காரம்மா தன் போனில் கடையைத் திறந்து பார்த்துவிட்டு, “அண்ணே, இந்த டெலிவரி சார்ஜுக்கு தலையணையோட கட்டிலும் அதுல படுக்க ஒரு ஆளும் வருமே!” என்றார். எந்தெந்தப் பகுதிகளுக்கு அனுப்புவீர்கள் என்று கேட்ட இடத்தில், லிஃப்ட் சரியில்லை என்று நான் எழுதிக்கொடுத்தும் பழுது பார்க்காத கட்டடங்கள் உள்ள பகுதிகளை எல்லாம் நீக்கிவிட்டேன். பார்சல் கொண்டுபோகும் மனிதர் நடுவழியில் மாட்டிக்கொண்டால் யார் பொறுப்பு? மிஞ்சியது எங்கள் தெருவும் ஒரு மயானமும்தான் என்று உங்கள் தங்கை எடுத்துச் சொன்ன பிறகு எல்லாவற்றையும் சேர்த்தேன். பொருளைத் திருப்பித் தருவதற்கான விதிகளை மூன்று பக்கம் எழுதியிருந்தேன். அதையும் அவள் நீக்கச் சொன்னாள். “தூக்கம் வரலன்னு ஒருத்தர் சொன்னா அதுக்கு என்ன சாட்சி கேக்கறது? வாங்கி வச்சுக்கோங்க” என்றாள். ஆர்டர் வந்தால் யாருக்குத் தகவல் போகவேண்டும் என்ற கட்டத்தில் தன் போன் எண்ணைத்தான் போடவேண்டும் என்று அருகிலேயே நின்று போடவைத்தாள்.

கடைசியாக, கடையைத் திறக்கும் முன் ஒரு ஆர்டர் போட்டுச் சோதித்துப் பார்க்கவும் என்று இருந்தது. இங்கேதான் என் தொழில் என்னைக் கெடுத்தது. வெறும் லிஃப்டில் ஒரு தடவை ஏறி இறங்கிவிட்டு ஓடுகிறது என்று எழுதிக்கொடுக்கிற ஆள் நானில்லை. அது தாங்க வேண்டிய எடை முழுவதையும் மணல் மூட்டைகளாக ஏற்றிப் பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போடுவேன். கடைக்கும் முழுச்சுமை ஏற்றினேன். பல பெயர்களில், பல ஊர்களிலிருந்து, பொருள் வந்தபின் பணம் என்ற முறையில் ஆர்டர்களைப் போட்டுத் தள்ளினேன். எப்படிப் படுப்பீர்கள் என்று அவள் சேர்க்கச் சொன்ன கட்டாயக் கேள்விக்கும் ஒவ்வொருவருக்காகவும் பதில் எழுதினேன். சோதனை முறை என்ற பொத்தானை மட்டும் அழுத்தவில்லை. அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது.

கூடத்துக்கு வந்தால் அவள் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். “ஏங்க, எங்கெங்கிருந்தோ கேக்கறாங்க! யாருன்னே தெரியலைங்க!” என்றாள். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு, அது நான்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சாப்பிட்டபின் சொல்லலாம் என்று நினைத்தேன். சாப்பிடும்போதே அவள் துணி வெட்டத் தொடங்கிவிட்டாள். மறுநாள் சொல்லலாம் என்றால், மறுநாள் புது ஆர்டர் ஏதும் வராததால் அவள் போனை எடுத்து எடுத்துப் பார்த்தாள். பார்க்கப் பொறுக்காமல் இன்னொன்று போட்டேன். மச்சான், முதல் நாள் நடந்தது பிழை. இரண்டாம் நாள் நான் செய்தது ஏமாற்று. இதில் எனக்குச் சந்தேகமில்லை.

அவள் தைத்துக் கட்டிக் கொடுத்ததை எல்லாம் கூரியருக்கு என்று சொல்லி எடுத்துப்போனேன். எங்கே போவது? எங்கள் குடியிருப்பின் மொட்டை மாடியில் லிஃப்ட் மோட்டார் அறை இருக்கிறது; அதன் சாவியை நம்பிக்கையானவர் என்று என்னிடம்தான் கொடுத்து வைத்திருக்கிறார்கள். அந்த அறையில் ஒரு துடைப்பம் இருந்தால்கூட அபராதம் எழுதியவன் நான். அங்கே கூரை முட்டத் தலையணை அடுக்கினேன். காற்றுப் போக வழியில்லாமல் மோட்டார் சூடேறி, ஒருநாள் பட்டப்பகலில் லிஃப்ட் நின்றது. உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் மருந்துக்கடைக்காரம்மாவும் என் மனைவியும். மெக்கானிக் வந்து அறையைத் திறந்ததும் தலையணைகள் சரிந்து படிக்கட்டு வழியாக உருண்டு வந்தனவாம். “யாரோ மோட்டாரைப் படுக்க வச்சுத் தூங்கப் பண்ணிருக்காங்க சார்!” என்று அவர் சத்தம் போட்டது எல்லா மாடிக்கும் கேட்டது.

வெளியே வந்தவள் தன் தையலைப் பார்த்தாள். நேரே வீட்டுக்குள் போனாள். உட்கார்ந்து, ஆர்டர்களை ஒவ்வொன்றாகத் திறந்து பதில்களைப் படித்தாள். எனக்கு ஊரார் எப்படித் தூங்குகிறார்கள் என்று எப்படித் தெரியும்? எனக்குத் தெரிந்ததைத்தான் எழுதியிருந்தேன். பாதிப் பேர் என்னைப்போலக் குறட்டை விட்டுக்கொண்டு மல்லாந்து படுத்தார்கள். மீதிப் பேர் இடப்பக்கம் ஒருக்களித்து, விடியும் நேரத்தில் வலக்கையைக் கன்னத்துக்கு அடியில் கொடுத்துக்கொண்டார்கள்.

“இது நான்” என்றாள். அப்புறம், “ஒருத்தர்கூட வெளியாள் இல்லையா?” என்றாள்.

இல்லை என்றேன். அன்று சாயங்காலமே உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

நேற்று உட்கார்ந்து, எல்லா ஆர்டர்களையும் ஒரே பொத்தானில் ரத்து செய்து, கடையையும் மூடிவிட்டேன். வாங்க ஆளில்லாத கடைக்கு இனி என்ன அமைப்பு வேண்டியிருக்கிறது? கணினியை விற்றுவிடுவதாக இருக்கிறேன். இதை அவளிடம் சொல்லுங்கள். நான் வருந்துகிறேன் என்பதையும் சொல்லுங்கள். நேரில் சொன்னால் இதையும் சோதனைக்காகச் சொல்கிறேன் என்று நினைப்பாள். அக்காவுக்கு என் வணக்கம். உங்களிடம் வரும் எல்லா உயிர்களும் நான்கு காலில் எழுந்து நடக்க என் வேண்டுதல்கள்.

தங்கள் அன்புள்ள,
மாப்பிள்ளை

பின்குறிப்பு: இதை ஒட்டுவதற்குள் காலையில் உங்கள் தங்கை வந்து நின்றாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

“இது யாரு?”

நான் ரத்து செய்தவற்றில் ஒன்று. அவள் புறப்பட்டுப் போன பிறகு வந்திருக்கிறது. சமாதானத்துக்கு நான்தான் போட்டிருப்பேன் என்று அவள் அதைத் திறக்கவே இல்லையாம். ரத்து என்று தகவல் வந்த பிறகுதான் படித்திருக்கிறாள். ‘அம்மாவுக்கு மூச்சுத் திணறல். படுக்க முடியாது. நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்குகிறார்’ என்று எழுதியிருந்தது.

“நான் எழுதல” என்றேன்.

“தெரியும். நம்ம வீட்ல யாரு உக்காந்துட்டே தூங்கறா?” என்றாள்.

ரத்தானதை மீட்க அந்த அமைப்புகளில் வழியே இல்லை. வாடிக்கையாளர் புதிதாக ஆர்டர் கொடுக்க வேண்டுமாம். வேண்டுமானால் அவர் பெயரில் நானே ஒன்று போட்டுவிடட்டுமா என்று கேட்டேன். அவள் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தமிழ் போதாது. பிறகு போன் போட்டுக் கொடுத்தாள்; நான்தான் மன்னிப்புக் கேட்டேன். “பரவாயில்லைங்க, கிடைச்சாப் போதும், அம்மா தூங்கி ரொம்ப நாளாச்சு” என்று அந்தப் பெண் சொன்னாள். தலை எந்தப் பக்கம் சாயும் என்று கேட்கச் சொல்லி உங்கள் தங்கை பக்கத்திலிருந்து என் முழங்கையை இடித்தாள்.

ஆகவே மேலே எழுதியவற்றில் ஆளில்லை, மூடிவிட்டேன், விற்றுவிடுவேன் என்பதை எல்லாம் அடித்துவிட்டுப் படிக்கவும். கடை திறந்திருக்கிறது. அவள் என்னோடு இன்னும் பேசவில்லை. வாடிக்கையாளரைப் பற்றி மட்டும் பேசுகிறாள். அவசரத்தில் பையை உங்கள் வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறாள். ஒரு புடவைகூட விடாமல் எல்லாவற்றையும் அனுப்பி வையுங்கள், மச்சான். இதை அவள் எழுதச் சொல்லவில்லை. நான்தான் கேட்கிறேன்.