ஓணானுக்கும் ஒரு கந்தசஷ்டி

நான் ஒரு ஓணானைக் கந்தசஷ்டி விரதம் பிடிக்க வைத்தவள். இதை மறைத்துப் பிரயோசனமில்லை. மொன்றியலில் எங்களைத் தெரிந்த எல்லோருக்கும் இந்தக் கதை தெரியும். தெரியாதவர்கள் வீட்டுக்கு வந்தால், கை கழுவிவிட்டுச் சாப்பிட உட்காருவதற்குள் என் கணவர் சொல்லி முடித்துவிடுவார்.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. யாழ்ப்பாணத்திலிருந்து கணவரின் ஸ்பொன்சரில் நான் வந்து இறங்கிய நாள். சென்ட் லோரன்டில் இரண்டு அறை அப்பார்ட்மென்ட். கதவைத் திறந்தால் ஹோலில், ரிவி இருக்க வேண்டிய இடத்தில், பெரிய கண்ணாடிப் பெட்டி ஒன்று. அதற்குள் முழங்கை நீளத்தில், தாடையெல்லாம் முள்ளோடு ஒன்று என்னை மேலும் கீழும் பார்த்தது. "இவன்தான் சின்னராசா" என்றார் இவர். (மாப்பிள்ளைக்குக் குடி உண்டா, சிகரெட் உண்டா என்று என் வீட்டார் நாலு பேரிடம் விசாரித்துத்தான் கலியாணம் பேசினார்கள். ஓணான் உண்டா என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை.)

அது ஆஸ்திரேலியப் பாலைவனத்து ஓணான். பியர்டட் டிராகன் என்று இங்கே ஆசையாக வளர்ப்பார்கள். கோபமோ வருத்தமோ வந்தால் தாடையை ஊதும், அது கறுத்துத் தாடி போலாகும். இவர் அதற்குச் செய்த பணிவிடைக்கு அளவில்லை. சூட்டுக்கு ஒரு லைற், எலும்புக்கு ஒரு லைற். வெப்பம் பார்க்கத் தெர்மோமீட்டர். உயிருள்ள சில்வண்டுகளைக் கல்சியம் மாவில் பிரட்டி ஊட்டல். ஞாயிற்றுக்கிழமைகளில் கையால் சூடு பார்த்து இளஞ்சுடுநீரில் குளிப்பாட்டல். புதுப் பெண்டாட்டி எனக்கு ஒரு தேத்தண்ணி அப்படிப் பதம் பார்த்துக் கிடைக்கவில்லை. எனக்கு எரிச்சல் வந்தது என்பதை ஒத்துக்கொள்கிறேன். நாலு மாதத்தில் ஒரு நாள்கூட நான் அதைத் தொடவில்லை.

இவர் ட்ரக் ஓட்டுகிறவர். அந்த நவம்பரில் வான்கூவர் வரை போய்வரப் பத்து நாள் பயணம் கிடைத்தது. முன்பெல்லாம் கூட இருந்த நண்பர் சின்னராசாவைப் பார்த்துக்கொள்வார். நான் வரப்போகிறேன் என்று தெரிந்ததும் அந்த மனிதர் வேறு இடம் போய்விட்டார். ஆகவே ஒரு முழுப் பக்கத்துக்கு விளக்கம் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டிவிட்டு இவர் கிளம்பினார்.

மூன்று நாள் கழித்துக் கந்தசஷ்டி தொடங்கியது. கலியாணத்துக்குப் பிறகு வரும் முதல் சஷ்டி. ஆறு நாளும் பகலில் ஒன்றுமில்லை, பின்னேரம் பாலும் பழமும் மட்டும் என்று கடுமையாகப் பிடிக்கத் தீர்மானித்தேன். தொடங்குவதற்கு முந்தின நாள் பின்னேரம் ஹோலில் முருகன் படம் வைத்து, கும்பம் வைத்து நிமிர்ந்தால், பக்கத்தில் சின்னராசா சில்வண்டின் காலை மென்றுகொண்டிருக்கிறார். விரத வீட்டில், சுவாமிக்கு முன்னால், மச்சம் மாமிசம்.

கண்ணாடிப் பெட்டியைப் படுக்கை விரிப்பில் ஏற்றிச் சின்ன அறைக்கு இழுத்துப் போனேன். அங்கே லைற்றின் வயர் பிளக்குக்கு எட்டவில்லை. ஜன்னலால் வெயில் வருகிறதுதானே, கடவுள் தந்த வெளிச்சத்தைவிடவா என்று விட்டுவிட்டேன். சில்வண்டுகளைக் கொல்லக் கூடாது என்று பல்கனியில் அவற்றின் பெட்டியைத் திறந்துவிட்டேன். (அன்று வெளியே மூன்று பாகைக் குளிர். அவை எங்கே போயின என்பதை இன்றுவரை நான் யோசிப்பதில்லை.) சின்னராசாவுக்கு ஸ்பினாச் கீரை, அவித்த பயறு, படைத்த வாழைப்பழத்தில் ஒரு துண்டு. கீரை சாப்பிட்டு யாரும் கெட்டுப்போனதாக நான் கேள்விப்பட்டதில்லை.

தினமும் பின்னேரம் இவர் ரோட்டிலிருந்து போன் எடுப்பார். முதல் கேள்வி, "அவன் சாப்பிட்டவனோ?"

"ஓம், வடிவாச் சாப்பிட்டவன்" என்பேன். பிறகு அங்கத்தைய பனி. அதற்குப் பிறகுதான் நான்.

ஐந்தாம் நாள் காலை எட்டிப் பார்த்தேன். சின்னராசா தட்டையாகக் கிடந்தார். உடம்பு மங்கி, தாடி கரிக்கட்டி நிறம், கண் உள்ளே போயிருந்தது. கீரை வைத்தபடியே இருந்தது. விரலை நீட்டி முதல் தடவையாகத் தொட்டேன். ஜன்னல் கண்ணாடியைப் போலக் குளிர்ந்திருந்தது.

தரையில் இருந்து அழுதேன். இவர் ஒருமுறை சொன்னது அப்போதுதான் மனதில் ஏறியது. அகதி வழக்கு வருஷக் கணக்கில் இழுபட்டபோது ஒரு பேஸ்மென்ட் அறையில் தனியே இருந்தாராம். வீடு மாறிப் போன யாரோ இந்தப் பிராணியை இவரிடம் விட்டுப் போனார்களாம். "வேலை முடிய வீட்ட வாறதுக்கு ஒரு காரணம் கிடைச்சது" என்றார். அன்று நான் சிரித்தேன். அந்த உயிர் என் கையால் போனால் இந்த மனிதரின் முகத்தில் எப்படி முழிப்பேன்? முருகனை விட்டுவிட்டுத் தொலைபேசிப் புத்தகத்தைத் தேடினேன்.

ஓணான் பார்க்கும் டாக்டர் இரண்டு பஸ் தூரத்தில் இருந்தார். குளிரில் எப்படிக் கொண்டுபோவது? ஸ்வெட்டருக்கும் கோட்டுக்கும் நடுவில், நெஞ்சோடு அணைத்து, ஸிப்பை மேலே இழுத்தேன். முதல் பஸ் முழுக்க அசைவே இல்லை. இரண்டாவது பஸ்ஸில் ஒரு நகம் என் ஸ்வெட்டரைப் பற்றியது. பிறகு இன்னொன்று. என் சூடு அவருக்கு ஏறிக்கொண்டிருந்தது. கொஞ்சத்தில் கழுத்துப் பக்கத்தால் முள்ளுத் தலை வெளியே வந்தது. எதிரே இருந்த ஒரு அம்மா அசராமல், "போன்ஜூர், முசியே" என்று பிரெஞ்சில் அவருக்கு வணக்கம் வைத்தார். சின்னராசா சார்பில் நான் போன்ஜூர் சொன்னேன். கண்ணீரும் வந்தது.

டாக்டர் இளம் பெண். கடைசியாக எப்போது பூச்சி சாப்பிட்டது என்று கேட்டார். ஓணான் கந்தசஷ்டி பிடிக்கிறது என்று சொல்ல என் பிரெஞ்சு வகுப்பில் சொல்லித்தரவில்லை. தெரிந்த சொற்களைத் திரட்டி, சின்னராசா ஒரு இந்து, கடவுளுக்காக ஆறு நாள் இறைச்சி சாப்பிடமாட்டார் என்றேன். டாக்டர் பேனாவை நிறுத்தி, "அவரே விரும்பியா, மடாம்?" என்று கேட்டார்.

பதில் சொல்ல எழுந்தேன். அடுத்ததாக எனக்குத் தெரிந்தது கூரை. சின்னராசாவுக்கென்று அங்கே எடுத்து வைத்த சூட்டு விரிப்பு என் காலில் கிடந்தது. நர்ஸ் ஒருத்தி ஒரேஞ் ஜூஸை வாயருகே பிடித்துக்கொண்டிருந்தாள். டாக்டர் இப்போது என்னிடம் கேட்டார், நீ கடைசியாக எப்போது சாப்பிட்டாய் என்று. ஜூஸோடு இரண்டு பிஸ்கட்டும் தின்றேன். அதில் முட்டை கலந்திருக்கிறதா என்றுகூடக் கேட்கவில்லை.

சின்னராசாவுக்கு வந்தது குளிர்தான் என்றார் டாக்டர். சூடு இல்லாமல் அவருக்குச் சாப்பாடு செமிக்காது. கண்ணாடியால் வரும் வெயிலில் எலும்புக்கு வேண்டியது வராது. ஸ்பினாச் கல்சியத்தைப் பிடித்துக்கொள்ளும், அடிக்கடி கொடுக்கக் கூடாது. முதலில் சூடாக்கி, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் கொடு, இரண்டு நாளைக்குச் சாப்பாடு வேண்டாம் என்று அனுப்பினார். பெட்டியைத் திரும்ப ஹோலுக்கு இழுத்தேன். முருகனுக்கும் சேர்த்தே லைற் எரிந்தது.

பின்னேரம் போன் வந்தது. இவர் கேட்குமுன் எல்லாவற்றையும் கொட்டினேன். சில்வண்டு, ஜன்னல், நாலு நாள் பொய், எல்லாம். முடிந்தது என் குடும்பம் என்று நினைத்தேன்.

"நீர் என்ன சாப்பிட்டனீர்?" என்றார்.

"ரெண்டு பிஸ்கட்."

"நான் வந்து சமைக்கிறன். அதுவரைக்கும் அவன்ர லைற்றுக்குப் பக்கத்தில போய் இரும். உமக்கும் சூடு வேணும்."

போய் இருந்தேன். சின்னராசா ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

ஏழாம் நாள் காலை இவர் சில்வண்டுப் பெட்டியோடு வந்து இறங்கினார். சின்னராசா ஒன்று, இரண்டு, ஆறு என்று விழுங்கினார். ஊரெல்லாம் சஷ்டி விரதம் முடித்துப் பாறணைச் சாப்பாடு நடக்கும் நேரம் அது. விரதம் பிடிக்கப் புறப்பட்ட நான் ஐந்தாம் நாளே முறித்துவிட்டேன். டாக்டர் புண்ணியத்தில் ஆறு நாளையும் ஒழுங்காக முடித்தவர் சின்னராசா மட்டும்தான்.

அடுத்த வருஷம் எங்களுக்கு மகள் பிறந்தாள். அவளோடு இன்னும் ஏழு வருஷம் இருந்துவிட்டுத்தான் சின்னராசா போனார். இப்போதும் வீட்டுக்கு வருகிறவர்கள் யாராவது அவள் தலையைத் தடவி, "அம்மா சஷ்டி பிடிச்சுக் கிடைச்ச பிள்ளை" என்றால் அவள் விடமாட்டாள். "அம்மா அஞ்சாம் நாள் பிஸ்கட் சாப்பிட்டவா. முழுக்கப் பிடிச்சது என்ர அண்ணா" என்பாள். இவளுக்கு அண்ணனும் இருந்தானா என்று வந்தவர்கள் தயங்கி என்னைப் பார்ப்பார்கள். நான் ஓம் என்று தலையாட்டுவேன்.