புகை தென்படலாகாது

மூன்று மாவட்டங்களுக்கு மின்சாரம் தருகிற அந்த அனல் மின்நிலையத்துக்கு ஒரு திங்கட்கிழமை மேலிடத்துச் சுற்றறிக்கை வந்து சேர்ந்தது. வியாழனன்று ‘தூய வானம்’ விருதுக் குழு நேரில் பார்வையிடும். அன்று புகைபோக்கியில் புகை தென்படலாகாது.

கொதிகலன்காரர் அதை இரண்டு தடவை படித்தார். இருபத்திரண்டு வருஷமாக நிலக்கரியை எரித்து நீராவி கிளப்பியவர். நெருப்பில்லாமல் புகையாது என்பது அவருக்குப் பழமொழி இல்லை, தினசரி வேலை.

“சார், கரி எரிஞ்சா புகை வருமே,” என்றார் தலைமைப் பொறியாளரிடம்.

“எரிஞ்சாதானே? அணைச்சிடு.”

“மூணு மாவட்டமும் இருட்டாயிடும் சார்!”

“கரண்ட் கண்ணுக்குத் தெரியுமாய்யா?”

“தெரியாது.”

“புகை?”

“தெரியும்.”

“குழு கண்ணாலதான் பார்க்கப்போகுது. எதை நிறுத்தணும்னு நீயே சொல்லு.”

கொதிகலன்காரருக்கு வீட்டு ஞாபகம் வந்தது. அவர் மனைவி கோழிக்குஞ்சு பொரித்து விற்கிறவள். வீட்டில் முட்டை அடைகாக்கும் மின்பெட்டியில் அறுநூறு முட்டைகள், இருபத்தோராம் நாளான வெள்ளிக்கிழமைக்காகக் காத்திருந்தன. நடுவில் சூடு போனால் அத்தனையும் கூழ்முட்டை.

“ரெண்டே நாள் தள்ளிவைக்கச் சொல்லுங்க சார். குஞ்சு வெளிய வந்துடும்.”

பொறியாளர் கல்நெஞ்சர் அல்ல. ‘கோழிகள் தொடர்பான கோரிக்கை கனிவுடன் பரிசீலிக்கப்பட்டு நிராகரிக்கப்பட்டது’ என்று கோப்பில் எழுதினார்.

வேலை போய்விடுமே என்ற பயத்தில் புதன் சாயங்காலம் கொதிகலன்காரர் தன் கையாலேயே நெருப்பை அணைத்தார். அது வீட்டு அடுப்பு அல்ல. மறுபடி மூட்டி மின்சாரம் வர ஒரு முழு நாள் பிடிக்கும்.

“ஏங்க, கரண்ட் எப்ப வரும்?” என்றாள் மனைவி.

“மேலிடத்து உத்தரவு.”

“எப்பன்னு கேட்டேன். யாருன்னு கேட்கலை.”

பெட்டியோடு சேர்ந்த பேட்டரி மூன்று மணி நேரம் தாங்கியது. அப்புறம் வீட்டிலிருந்த போர்வைகளை எல்லாம் பெட்டிமேல் போர்த்தி, வெந்நீர் பாட்டில்களை மாற்றி மாற்றி உள்ளே வைத்தாள்.

வியாழனன்று பதினோரு கார்களில் குழு வந்தது. எல்லோர் கழுத்திலும் பச்சைத் துண்டு. இப்போது அதுதான் மோஸ்தர். லிஃப்ட் ஓடவில்லை, மைக் பேசவில்லை. ஏன் என்று தலைவர் கேட்டார்.

“சிக்கனம்ங்க ஐயா,” என்றார் பொறியாளர். “எங்க நிலையம் தனக்குன்னு ஒரு பல்புகூட எரிக்கிறதில்லை.”

தலைவருக்குக் கண் கலங்கியது. மின்சாரத்தையே மிச்சம் பிடிக்கும் மின்நிலையத்தை அவர் இதுவரை கண்டதில்லையாம். விருதை அங்கேயே கொடுத்துவிட்டார். குழாயில் தண்ணீர் வராத ஊர்மக்கள் வாசலில் கூடி, சார்ஜ் தீரும்வரை நீல வானத்தைப் படம் எடுத்தார்கள்.

குழு போனதும் கொதிகலன்காரரே மறுபடி நெருப்பை மூட்ட, வெள்ளி சாயங்காலம் கரண்ட் வந்தது. கூடவே புகையும் வந்தது. மனைவி ஒவ்வொரு முட்டையாகக் காதில் வைத்துக் கேட்டாள். ஒன்றிலும் சத்தமில்லை. அவள் அழுதாள், கொதிகலன்காரருக்கு அவள் முகத்தைப் பார்க்கத் துணிவில்லை.

அடுத்த வாரம் ஊர்மக்கள் நானூறு கையெழுத்துடன் மேலிடத்துக்கு மனு அனுப்பினார்கள். கோரிக்கை ஒன்று: இனி ஒருபோதும் புகை வரக்கூடாது. கோரிக்கை இரண்டு: இனி ஒரு நிமிஷம்கூட கரண்ட் போகக்கூடாது.

மேலிடம் இரண்டையும் ஏற்றது. நெருப்பை அணைத்த குற்றவாளி யார், மறுபடி மூட்டிய குற்றவாளி யார் என்று தீவிரமாக விசாரித்தது. இருவரும் ஒருவரே என்று தெரியவந்ததும், கொதிகலன்காரருக்கு ஒரே நாளில் இரண்டு மெமோ வந்தது. இணைத்திருந்த மனு நகலில் முதல் கையெழுத்து மனைவியுடையது.

“என் மேலயே மனுவா?” என்றார்.

“அறுநூறு உயிர் போயிருக்கு. யாராவது பதில் சொல்லணும்ல?”

“ரெண்டாவது கோரிக்கை நியாயம். முதல் கோரிக்கைக்கும் சேர்த்துப் போட்டிருக்கியே! புகை இல்லாம எப்படிடீ கரண்ட் வரும்?”

கொடியிலிருந்து எடுத்த துணியில் சாம்பலை உதறிக்கொண்டே சொன்னாள்: “எனக்குத் துணியும் வெள்ளையா இருக்கணும், பெட்டியும் சூடா இருக்கணும். எப்படிங்கிறது உங்க ஆபீஸ் சமாசாரம்.”

கொதிகலன்காரர் உட்கார்ந்து, முதல் மெமோவுக்கு ‘இனி அணைக்க மாட்டேன்’ என்று பதில் எழுதினார். இரண்டாவதற்கு ‘இனி மூட்ட மாட்டேன்’ என்று எழுதினார். இரண்டு விளக்கங்களும் திருப்திகரமாக இருப்பதாக மேலிடத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது.