கருமணலில் உணக்கிய தோட்டா

தேங்காயெண்ணெயை வைத்து ஒரு வெள்ளைக்காரத் துரையைத் தோற்கடித்தவன் நான். தேசத்துக்காகச் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள வழியில்லை. அவரிடமே சம்பளம் வாங்கிக்கொண்டு, அவர் ஜெயிக்க வேண்டும் என்று மனமாரப் பாடுபட்டுத்தான் தோற்கடித்தேன். (தியாகி பென்ஷனுக்கு எழுதிப் போடலாமா என்று என் மகன் கேட்டான். முறைத்தேன்.)

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் கீரிப்பாறை மலையில் ஒரு ரப்பர் எஸ்டேட் ஆபீசில் எனக்கு ரைட்டர் வேலை. துரையின் நின்றுபோன கடிகாரத்தை ஒருநாள் ஓட வைத்துவிட்டேன். உண்மையில் நான் செய்தது இரண்டு தட்டு தட்டியது மட்டும்தான். ஆனாலும் 'ராசையா கெட்டிக்காரன்' என்ற பெயர் வந்துவிட்டது. அந்தப் பெயர் வந்த பிறகு ஒருவன் 'எனக்குத் தெரியாது' என்று வாய் திறந்து சொல்வது மிகவும் கஷ்டம்.

துரை சீமையிலிருந்து புதிதாக ஒரு துப்பாக்கி வரவழைத்தார். விசையை அழுத்தினால் குண்டு போகும். சுட்ட பித்தளைக் கூட்டை அதுவே வெளியே எறிந்துவிட்டு, அடுத்த தோட்டாவை அதுவே ஏற்றிக்கொள்ளும். மலையில் அப்படியொன்றை யாரும் கண்டதில்லை. தோட்டா மட்டும் தானாக வராது, கப்பலில் வரவேண்டும். அதற்கு மாதக்கணக்கில் ஆகும். அதனால் காலிக் கூடு, வெடிமருந்து டப்பா, ஈயக் குண்டு வார்க்கும் அச்சு, ஒரு சின்னப் புத்தகம் எல்லாவற்றையும் வாங்கி, 'ராசையா, நீ செய்' என்று என் மேஜையில் வைத்துவிட்டார். மாசி மாதம் பக்கத்து எஸ்டேட் துரையோடு குறி சுடும் பந்தயம் இருந்தது. போன வருஷம் எங்கள் துரை மயிரிழையில் தோற்றிருந்தார்.

எனக்கும் அதில் ஒரு காரியம் இருந்தது. அடிவாரத்துப் பள்ளிக்கூட ஹெட்மாஸ்டர் ஞானசிகாமணியின் மகள் சொர்ணத்தை எனக்குக் கேட்டு என் மாமா போயிருந்தார். கோயிலில் பாட்டுக்குழுவில் நின்று அவள் பாடும்போது நான் ஜெபத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் மறந்ததாகச் சொல்லிக்கொள்வேன். (ஜெபத்தையும் மறந்தேன்.) ஹெட்மாஸ்டர் சொன்ன பதில் இது:

"பையன் நல்ல பையன்தான் வே. ஆனா எப்பமும் வெடிமருந்த மடியில வச்சுக்கிட்டுல்லா இருக்கான். நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா எம் மக கதி என்ன ஆகும்?"

பந்தயத்தில் மதிப்பெண் எழுதுகிறவர் அவர்தான். இரண்டு துரைமாரும் நம்பும் ஆள். என் தோட்டாவின் திறமையை அவர் தம் கையாலேயே எழுதும்போது மனம் மாறிவிடாதா என்று கணக்குப் போட்டேன். சொர்ணம் எனக்குக் கிடைப்பாளா என்பது இப்படியாகத் துரையின் குறியில் வந்து நின்றது.

பாடுபட்டேன். பொய் சொல்லவில்லை, உயிரைக் கொடுத்துப் பாடுபட்டேன். மருந்து குறைந்தால் துப்பாக்கிக்குக் கூட்டை வெளியே எறியத் தெம்பு இருக்காது. கூடினால் குண்டு திசைக்கொன்றாகப் போகும். ஐந்து விதமாக நிறுத்து, வரிசைக்கு ஐந்து தோட்டாவாக ஐந்து வரிசை நிரப்பி, ஒவ்வொரு வரிசையையும் துரை சுட்டுப் பார்க்க, நான் அட்டையில் ஓட்டைகளை அளந்து நோட்டில் எழுதினேன். எடை குறைந்த குண்டை மறுபடி உருக்கினேன். மூன்றாவது வரிசையில் ஐந்து ஓட்டைகளும் ஒரு வெற்றிலைக்குள் அடங்கின. துரை என் முதுகில் தட்டினார். அன்று நான் நடந்த நடையைப் பார்த்திருந்தால் எஸ்டேட் எனக்குச் சொந்தம் என்று நினைத்திருப்பீர்கள்.

இதில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் என் மூளையைப் பயன்படுத்தினேன். ஈயக் குண்டு குழலில் வழுக்கிப் போக, அதன் இடுப்பில் உள்ள வரிப் பள்ளங்களில் தேன்மெழுகும் மாட்டுக்கொழுப்பும் காய்ச்சித் தடவ வேண்டும் என்று புத்தகம் சொன்னது. எங்கள் ஊர்க்காரனுக்குத் தலைக்கும் தேங்காயெண்ணெய், தாளிக்கவும் தேங்காயெண்ணெய், கதவுக் கீல் கத்தினாலும் தேங்காயெண்ணெய். அது மார்கழி. மலைக் குளிரில் பாட்டில் எண்ணெய் வெள்ளை வெளேரென்று உறைந்து நின்றது. கொழுப்புக்கு இது என்ன குறைச்சல்? விரலால் வழித்து அப்பினேன். மெழுகு எதற்கு தண்டமாக என்று அதையும் விட்டுவிட்டேன்.

சமையல்கார அந்தோணி பார்த்துக்கொண்டிருந்தான். "ஓய் ரைட்டரே, இது உருகாதா?" என்றான்.

"நீரு கறிய பாரும் வே" என்றேன். (சரித்திரத்தில் நல்ல ஆலோசனைகளுக்கு இப்படித்தான் பதில் கிடைத்திருக்கிறது.)

பந்தயம் மணவாளக்குறிச்சிப் பக்கம் கடற்கரையில். குறி தவறினாலும் மணல்மேடு வாங்கிக்கொள்ளும் என்று அந்த இடம். விடியற்காலையில் அந்தோணியையும் கூட்டிக்கொண்டு துரையின் காரில் மலையிறங்கினோம். வழியில் சாரல் அடித்தது. காரின் கூரை ஒழுகி, என் மடியில் இருந்த தோட்டாப் பெட்டி நனைந்தது. 'மருந்தில் ஈரம் படவே கூடாது' என்று புத்தகத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

கடற்கரையில் நல்ல வெயில். எங்கள் துரையின் முறை உச்சிக்குத்தான். நெல் நனைந்தால் என்ன செய்வோம்? கொப்பரை நனைந்தால் என்ன செய்வோம்? தோளில் கிடந்த தோர்த்துத் துண்டை எடுத்துக் கருமணலில் விரித்தேன். அந்த மணலில் வெறுங்காலோடு பத்து எண்ணும்வரை நிற்க முடியாது. தோட்டாக்களை ஒவ்வொன்றாகப் பரப்பி, அரைமணிக்கொரு தரம் புரட்டியும் விட்டேன்.

பக்கத்தில் மீன் காயப்போட்டிருந்த ஒரு அக்கா எட்டிப் பார்த்தாள். "என்னத்த மக்கா உணக்குத? நெத்திலியா?"

"தோட்டாக்கா. நல்லா உணங்கணும்."

"காக்கா கொண்டு போயிராம பாத்துக்க" என்றாள்.

உச்சிக்கு முறை வந்தது. பக்கத்து எஸ்டேட் துரை சுட்டு முடித்து, சுமாரான மதிப்பெண்தான் வாங்கியிருந்தார். ஹெட்மாஸ்டர் குடையின் கீழ் நோட்டோடு உட்கார்ந்திருந்தார். நான் அவர் கண்ணில் படும்படி நெஞ்சை நிமிர்த்தி நின்றேன். துரை படுத்து, குறி பார்த்து, விசையை அழுத்தினார்.

'புஸ்' என்றது.

யாரோ தும்மினார்கள் என்றுதான் நினைத்தேன். குண்டு பாதி தூரத்தில் மணலில் பொத்தென்று விழுந்ததை எல்லாரும் கண்ணால் பார்த்தோம். துப்பாக்கி கூட்டை எறியவில்லை. துரை கையால் இழுத்து எடுத்தார். குழலின் நுனியிலிருந்து வெள்ளைப் புகை சோம்பலாக எழுந்து கூட்டத்தின் மேல் வந்தது. துரை மூக்கை உறிஞ்சினார்.

"ராசையா, இங்கே யார் சமைக்கிறான்?"

பப்படம் பொரிக்கும் வாசனை. சந்தேகமே இல்லை. கல்யாணப் பந்தியின் அடுப்படி வாசனை. அந்தோணி மட்டும் என்னைத் திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வை இன்னும் என்னை உறுத்துகிறது.

இரண்டாவது, புஸ். மூன்றாவது, அதுவும் இல்லை. ஒவ்வொரு தடவையும் குண்டு குழலில் சிக்கவில்லையே என்று துரை குச்சி விட்டுப் பார்த்தார். மலையிலேயே அதிசயமான அந்தத் தானியங்கித் துப்பாக்கியைத் துரை பத்துத் தடவையும் கையால் இழுத்து இழுத்து இயக்கினார். ஹெட்மாஸ்டர் அழகான கையெழுத்தில் பத்து முட்டைகள் போட்டார். ஒவ்வொரு முட்டைக்கும் என்னை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார். மீன்கார அக்கா உரக்கக் கேட்டாள்: "லேய் மக்கா, நெத்திலி சரியா உணங்கலியோ?"

துரை எழுந்து மணலைத் தட்டினார். முகம் செம்பருத்தியாக இருந்தது. மருந்து விற்ற கம்பெனிக்குக் காரசாரமாகக் கடிதம் எழுதப்போவதாகச் சொன்னார். கடிதம் எழுதுகிற ரைட்டர் நான்தான். வாயை மூடிக்கொண்டிருந்தால் தப்பித்திருக்கலாம். ஆனால் மிச்சமிருந்த ஒரு தோட்டாவின் கழுத்தைச் சுற்றி எண்ணெய் மினுமினுத்துக்கொண்டிருந்தது. அந்தோணியும் பின்னால் கனைத்தான்.

"மருந்துல குத்தம் இல்ல துரை. தேங்காயெண்ணெய். நான்தான் வெயில்ல உணக்கினேன். உருகி மருந்துக்குள்ள எறங்கிட்டு."

துரை என்னைப் பார்த்தார், தோர்த்தைப் பார்த்தார், அதில் வரிசையாகப் படிந்திருந்த எண்ணெய்க் கறைகளைப் பார்த்தார். போய்க் காரில் உட்கார்ந்தார். மறுநாள் தோட்டா வேலை என்னிடமிருந்து போயிற்று. சொர்ணமும் போய்விட்டாள் என்றே முடிவு செய்து, இரண்டு நாள் சோறு இறங்காமல் கிடந்தேன். கெட்டிக்காரனாக இருந்த காலத்தில் எனக்கு அப்படி ஒரு அழுகை வந்ததில்லை.

மூன்றாம் நாள் என் மாமா மலையேறி வந்தார். ஹெட்மாஸ்டர் ஆள் அனுப்பினாராம். பெண் தரச் சம்மதமாம்.

"எப்படி மாமா?"

மாமா சிரிப்பை அடக்க முடியாமல், ஹெட்மாஸ்டர் சொன்னதை அப்படியே சொன்னார்: "வெடிமருந்தோட புழங்குத ஆளாச்சேன்னு பயந்து கெடந்தேன் வே. பத்துத் தரம் கண்ணால பாத்துட்டேன். இந்தப் பையன் கையில மருந்தக் குடுத்தா ஒரு ஈ கூடச் சாவாது. எம் மகளுக்கு ஒரு ஆபத்தும் இல்ல."

கல்யாணப் பந்தியில் பப்படம் வந்தபோது பெண் வீட்டார் வரிசையே காதைப் பொத்திக்கொண்டது. சொர்ணம் முக்காட்டுக்குள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

வருஷங்கள் போய்விட்டன. மாசி வெயிலில் நான் மொட்டை மாடியில் எதைக் காயப்போட்டாலும், பிள்ளைகள் ஓடிப்போய் ஒளிவார்கள். சொர்ணம் மட்டும் நகரமாட்டாள்.

"எதுக்குப் பிள்ளைகளா ஓடுதிய? வெடிக்கதுன்னாலும் பயமில்ல. உங்க அப்பா செஞ்சதுல்லா."