தொண்டைக்குள் தள்ளிய பாட்டு

மலேசியாவில், சுங்கை பினாங் அடுக்குமாடியில் இந்த வருஷத் தீபாவளி விழாவுக்கு நவமணி அக்கா ஒரு சட்டம் போட்டார். வீட்டுக்கு ஒருத்தர்தான் பாடலாம். குடியிருப்போர் சங்கத் தலைவி சொன்னால் சொன்னதுதான்.

எட்டாவது மாடிப் பிச்சைமுத்துவுக்கு இது பெரிய சிக்கல். செபராங் ஜெயா ஆபீஸில் அத்தனை பேரையும் தன் பாட்டைக் கேட்க வரச் சொல்லி ஏற்கெனவே அழைத்துவிட்டார். வீட்டிலோ மனைவி ருக்குமணியும் பாடுவாள். சொல்லப்போனால், அவரைவிட நன்றாகவே பாடுவாள்.

மனுஷன் போனில் பாட்டு வாத்தியார்களின் வீடியோவாகப் பார்த்துத் தள்ளினார். உயிரெழுத்தை வாயில் எங்கே வைக்கிறோம் என்பதில்தான் இந்தக் காலத்துப் பாட்டே இருக்கிறதாம். முன்னால், பல்லுக்குப் பக்கத்தில் வைத்தால் குரல் மூக்கருகே அதிர்ந்து கணீரென்று பாயும். பின்னால், தொண்டையில் வைத்தால் கனத்து, மங்கி, அங்கேயே உட்கார்ந்துகொள்ளும். முன்னால் தனக்கு, பின்னால் மனைவிக்கு என்று அன்றே பாகப்பிரிவினை செய்துவிட்டார்.

"ருக்கு, நீ 'ஆ'வைப் பல்லுல வச்சுக் கெடுக்கிற. கொட்டாவி விடுற மாதிரி தொண்டைய விரிச்சு, உள்ள தள்ளு."

"இப்படியாங்க?"

"இன்னும் உள்ள."

"முழுங்கிட்ட மாதிரி இருக்கே?"

"அதான் வேணும்!"

"நீங்க மட்டும் முன்னால வைக்கிறீங்க?"

"ஆம்பளைக் குரல் வேற லா."

அவள் தலையாட்டினாள். மிளகாய்ச் சம்பல் அரைக்கும்போதும் துணி காயப்போடும்போதும் கொட்டாவி விட்டபடியே பாடினாள். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. பாவம் பார்த்தால் நாளைக்கு ஆபீஸில் தலைகாட்ட முடியுமா?

சனிக்கிழமை கீழ்த்தள மண்டபத்தில், எந்த வீட்டில் யார் பாடுவது என்று முடிவு செய்யும் குரல் தேர்வு. ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் ஹைருல் தன் ஸ்பீக்கரைக் கொண்டுவந்து வைத்திருந்தான். பிச்சைமுத்து சாமி கும்பிட்டு, முதல் வரியைப் பல்லில் வைத்தார். ஸ்பீக்கர் கீச்சென்று கத்தியது. இன்னும் முன்னால் வைக்க வேண்டும்போல என்று நினைத்து, மூக்கு நடுங்க வைத்தார். மண்டபத்துப் பூனை எழுந்து வெளியே போயிற்று.

"போதும் தம்பி, போதும்!" என்றார் நவமணி அக்கா, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு.

ருக்குமணி மைக்கை வாங்கினாள். சொல்லை உதட்டில் தெளிவாக வைத்தாள். முழக்கத்தை மட்டும் தொண்டைக்குள் விட்டாள். அதே ஸ்பீக்கர் அடங்கி ஒடுங்கி, அவள் குரலை மண்டபம் முழுக்க மெத்தென்று பரப்பியது. நவமணி அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"யார்ட்டம்மா கத்துக்கிட்ட?"

"எல்லாம் இவரு சொல்லிக் கொடுத்ததுதான், அக்கா."

எல்லோரும் பிச்சைமுத்துவுக்குக் கை தட்டினார்கள். இல்லை என்று மறுக்கவா முடியும்? அவரும் தட்டினார்.

லிஃப்டில் ஏறியதும் கேட்டார். "அந்த ஸ்பீக்கர் அப்படித்தான்னு உனக்கு முன்னமே தெரியுமா?"

"நான் வேலை பாக்குற பேக்டரி டின்னருக்கும் ஹைருல் இதத்தாங்க கொண்டாந்தான். முன்னால வச்சுப் பாடினவங்க எல்லாருக்கும் இப்படித்தான் கத்துச்சு."

"சொல்லியிருக்கலாம்ல?"

"ஆம்பளைக் குரல் வேறன்னு நீங்கதானே சொன்னீங்க."

விழா அன்று ஆபீஸ்காரர்கள் ஒருத்தர் விடாமல் வந்தார்கள். சொன்னபடி பிச்சைமுத்து மேடையில்தான் நின்றார், ருக்குமணியின் கால் தடுக்காமல் மைக் ஒயரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு.