மீன்கார அக்கா ஏறாமல் வண்டி எடுக்காது

எந்தப் பதவியிலும் இல்லாமல் ஒரு கம்பெனியையே ஆட்டிப் படைத்த மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான். அவரைக் கண்டக்டர் என்றுதான் எங்களுக்குத் தெரியும். சொந்தப் பெயர் அவருக்கே ஞாபகம் இருந்ததா என்பது சந்தேகம்.

வடசேரி பஸ் ஸ்டாண்டைப் பார்த்தபடி, பாத்திரக்கடைக்கு மாடியில் எங்கள் அலுவலகம். செல்போனில் விளையாடும் 'மலைவண்டி' என்ற பஸ் விளையாட்டைப் பாகம் பாகமாகத் தயாரித்தோம். முதல் பாகம் கண்டக்டர் உருவாக்கியது. கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்கும். மீட்டிங் நீண்டால் ஊதிவிடுவார். பாகத்துக்குப் பாகம் மாறும் தலைவர் உட்பட எல்லோரும் எழுந்துவிடுவோம்.

விளையாட்டில் அவர் வைத்த விதி ஒன்று உண்டு. வண்டி புறப்படும்போது அலுமினியச் சட்டியோடு ஒரு மீன்கார அக்கா ஓடி வருவார். அவர் ஏறி உட்காரும்வரை பஸ் நகராது. திரையைத் தேய்த்தே ஓட்டை போட்டாலும் நகராது.

இரண்டாம் பாகத்துக்குப் புதுத் தலைவர் வந்தார். "ரேஸ் விடணும். அந்தம்மாவைத் தூக்குங்க" என்றார்.

"செரி சார், தூக்கிரலாம்" என்றார் கண்டக்டர்.

ரேஸில் பஸ்கள் வரிசையாக நின்று உறுமின. ஒவ்வொரு பஸ்ஸுக்கும் ஒரு அக்கா ஓடி வந்தார்.

மூன்றாம் பாகத்தின் தலைவர் பஸ்ஸைப் பறக்கவிடச் சொன்னார். அக்கா மேகத்தின் மேல் ஓடி வந்தார். நான்காமவருக்கு, பிணங்கள் எழுந்து துரத்த, ஊரே பஸ்ஸில் தப்ப வேண்டும். துரத்திவந்த பிணங்கள், அக்கா ஏறும்வரை கைகட்டி நின்றன.

எங்களுக்கு மண்டை குழம்பிவிட்டது. காலையில் ஒரு தலைவர் சொன்னதை மத்தியானம் வந்த தலைவர் மாற்றினார். நாங்கள் செய்வது பஸ் விளையாட்டா, பேய் விளையாட்டா, மீன் வியாபாரமா? அக்காவை நீக்கிப் பார்த்தால் பஸ் கிளம்பவே மறுத்தது. காரணமும் பிடிபடவில்லை.

"அண்ணே, அந்தக்கா இல்லாம வண்டி போனா என்ன?" என்று கேட்டே விட்டேன்.

"எடே, அவ ஏறல்லேன்னா மீனு கெட்டுப்போவும்லா?"

"அது விளையாட்டு மீனாக்கும் அண்ணே!"

"கெட்டா நாறத்தானே செய்யும்?" என்று விசிலை ஊதிவிட்டு டீ குடிக்கப் போனார்.

ஐந்தாம் பாகத்துக்குப் பிறகு கம்பெனி கைமாறியது. புதிய முதலாளிகள் பழையதையெல்லாம் தூக்கியெறிந்து புதிதாக எழுதச் சொன்னார்கள். அக்காவும் வேண்டாம், கண்டக்டரும் வேண்டாம். ஆறாம் பாகத்துக்குத் தலைவராக மிஞ்சியிருந்தவன் நான்.

கடைசி நாளில் அவரிடம் கேட்டேன். "அந்தக்காவ எங்கண்ணே ஒளிச்சு வச்சிருக்கிய?"

"ஒளிக்கல்ல மக்கா. அவ உக்காந்தாத்தான் எஞ்சினே ஸ்டார்ட் ஆவும். முதல்ல அவளத்தான் உண்டாக்கினேன். வண்டி பொறவாக்கும்." சிரித்துவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

ஜன்னல் வழியே பார்த்தேன். நல்ல மழை. இரணியல் பஸ் நகர்ந்துகொண்டிருந்தது. கண்டக்டர் கையை ஆட்டியபடி ஓடினார். பஸ் நிற்கவில்லை. குடையை விரித்துக்கொண்டு அடுத்த பஸ்ஸுக்கு நின்றார்.

அக்காவை நீக்கிவிட்டாயா என்று மேலிடத்திலிருந்து கேட்டபோதெல்லாம் "செரி சார், தூக்கிரலாம்" என்றேன்.

ஆறாம் பாகம் போன வாரம் வெளிவந்தது. அக்கா ஓடி வருகிறார். அவருக்குப் பின்னால் குடையும் விசிலுமாக ஒருவர் மூச்சிரைக்க ஓடி வருகிறார். இருவரும் ஏறி உட்காராமல் வண்டி எடுக்காது. என் வேலை போனாலும் சரி, இந்த முறையும் அவரை மழையில் விட்டுவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை.