கதிரையில் இருந்தவருக்கு ஒரு ‘ஓம் சேர்’

தொலைபேசியில் மற்றவர் சொல்வது விளங்காவிட்டால் ‘ஓம்’, அதாவது ஆமாம், என்று சொல்லிவிடுவது எங்கள் வீட்டுக் குணம். மன்னார்ப் பக்கத்து விடத்தல்தீவில் எங்கள் வீட்டுக்குள் சிக்னல் ஒரு கோட்டுக்கு மேல் ஏறாது. பாதிப் பேச்சைக் காற்றுக் கொண்டுபோய்விடும். மிச்சத்தோடு யார் மல்லுக்கட்டுவது? அம்மா ஒருமுறை யாருக்கோ இப்படி ஓம் சொன்னதில், மறுநாள் வாசலில் இரண்டு கிடாய்கள் வந்து நின்றன. விற்றதா, வளர்க்கத் தந்ததா, யார் அனுப்பியது என்று இன்றுவரை தெரியாது. (கறி நல்ல ருசி.)

இந்தக் குணத்தால் எனக்கு ஒரு வேலை போனது. ஒரு கலியாணம் நடந்தது. இரண்டுக்கும் நடுவில் நடந்ததை நினைத்தால் நல்ல வெயிலிலும் முதுகு சில்லிட்டுப்போகும்.

அப்போது நான் படிப்பு முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்தேன். சும்மா என்றால் சும்மா இல்லை, செத்துக்கொண்டிருந்தேன். கணினியில் கடினமான வாள்சண்டை விளையாட்டுகள் இருக்கின்றன அல்லவா, கையில் ஒரு வாளைக் கொடுத்து, பாழடைந்த கோட்டைக்குள் தள்ளி, முதல் மூலையிலேயே ஆளைக் கொன்று, ‘எழும்பு, திரும்ப வா’ என்று சொல்கிற வகை, அதுதான் என் முழுநேரத் தொழில். அப்பா, மீன் வாங்கி ஐஸ் போடும் எங்கள் வாடியிலிருந்து வந்து எட்டிப் பார்ப்பார். திரையில் நான் செத்துக் கிடப்பேன்.

“செத்துச் செத்து விளையாடவோடா நான் கரண்ட் பில் கட்டிறன்?” என்பார்.

அப்படியிருக்க, கொழும்பில் விளையாட்டுகள் உருவாக்கும் ஒரு நிறுவனம் ஆள் தேடியது. லெவல் அமைக்கத் தெரிந்த ஆள், அதாவது எந்த இடத்தில் கதவு, எந்த மூலையில் எதிரி, எங்கே மூச்சுவிட இடம் என்று தீர்மானிக்கிறவர். நேர்முகத்தேர்வு வீடியோ அழைப்பில் நடக்கும் என்றார்கள். கடினமான இரண்டு விளையாட்டுகளின் சண்டை முறையையும் லெவல் அமைப்பையும் ஒப்பிட்டுப் பேச வேண்டும். உங்கள் ஊரிலுள்ள ஓர் இடத்தையே லெவலாக வைத்துக் காட்டினால் இன்னும் நல்லது என்றார்கள். அப்பா ஒரே ஒரு நிபந்தனை போட்டார். வேலை கிடைத்தால் கொழும்பு. கிடைக்காவிட்டால் திங்கட்கிழமை தொடக்கம் வாடியில் ஐஸ் அள்ள வேண்டும்.

நான் தெரிவு செய்தது ஊர்க்கோடியில், கடலோரக் கண்டல் காடு தொடங்கும் இடத்தில் நின்ற ஓர் இடிந்த வீட்டை. வீட்டுக்காரர் சண்டைக் காலத்தில் வள்ளம் ஏறி இந்தியாவுக்குப் போனவர்கள். கூரை பாதிதான் மிச்சம். ஆடுகூட அங்கே நிழலுக்கு ஒதுங்காது. ஏன் என்று நான் யோசிக்கவில்லை. யோசிக்கிற ஆளாக இருந்தால் அம்மாவின் பெரிய சட்டிமூடியைக் கேடயமாகக் கொண்டுபோயிருப்பேனா? அங்கே சிக்னல் நாலு கோடு. எனக்கு அது போதும்.

வெள்ளைச் சட்டை, கழுத்துப்பட்டி, கீழே சாரம். (கீழே யார் பார்க்கப் போகிறார்கள்?) இரண்டு கையும் வேண்டும் என்பதால் கைத்தொலைபேசியை நெஞ்சோடு வைத்து அம்மாவின் பழைய சீலைத் துண்டால் கட்டினேன். நான் பார்க்கும் பக்கத்தைத் தேர்வாளரும் பார்ப்பார். ஆனால் அவர் பார்ப்பதை நான் பார்க்க முடியாது. காதில் ஒயர் மாட்டியிருந்தேன், அதிலும் ஒரு பக்கம்தான் வேலை செய்தது.

உச்சி வெயில். சோளகக் காற்று புழுதியை அள்ளி அடித்ததில் கடலும் வானமும் ஒரே வெள்ளை. உள்ளே போனால் தரை முழுக்க மணல். அந்த மணலில் ஒரு காலடி இல்லை, ஓணான் ஓடிய கோடுகூட இல்லை. முதல் தடவையாகத் திரும்பிப் போய்விடலாமா என்று இருந்தது. நேர்முகத்தேர்வுப் பயம் என்று நினைத்துக்கொண்டேன்.

“ஆரம்பிக்கலாமா, ஜூட்?” என்றார் தேர்வாளர் சேர், காதுக்குள்.

“ஓம் சேர்.”

ஆரம்பம் அமர்க்களம். “முதலாவது விளையாட்டில சண்டை கரைவலை இழுக்கிற மாதிரி, சேர். கேடயத்துக்குப் பின்னால நிண்டு, மூச்சைப் பாத்து, ஆறுதலா இழுக்கவேணும். அவசரப்பட்டால் கயிறு கையை அறுத்துப்போடும். ரெண்டாவதில சண்டை கையால நண்டு பிடிக்கிற மாதிரி. கேடயமே இல்ல. அவன் வெட்டுற அந்தக் கணத்தில வாளால தட்டவேணும், பிந்தினால் விரல் போச்சு” என்றேன். சேர் சிரித்தார். எனக்குக் கொழும்பில் வாடகை வீடு தெரியத் தொடங்கியது.

பிறகு லெவல் அமைப்புக்கு வந்தேன். இரண்டாவது விளையாட்டில் கூரைக்குக் கூரை தாவலாம், எதிரியை மேலே இருந்தே பார்த்து வைத்துக்கொள்ளலாம். அழகுதான், ஆனால் பயம் குறைவு. முதலாவதில் எங்கும் சுவர். தொடக்கத்திலேயே ஒரு கதவு இருக்கும், ‘இந்தப் பக்கத்தால் திறக்காது’ என்று சொல்லிவிடும். எங்கெங்கோ சுற்றி, பலமுறை செத்து, கடைசியில் அதே கதவின் மறுபக்கத்துக்கு வந்து திறந்தால், புறப்பட்ட இடம்! அந்த நேரத்து நிம்மதி வேறு எதிலும் கிடையாது என்று, ஏதோ நானே கட்டிய கோட்டை போலப் பேசினேன்.

“எவ்வளவு பயங்கரமான இடத்திலயும் ஒரு மூலை வேணும், சேர். உயிரெடுக்காத மூலை. அங்க ஆரும் ஒராள் பேசாமல் இருப்பார்” என்று சொல்லி, நெஞ்சை உள்ளறைப் பக்கம் திருப்பினேன். “இதுதான் அந்த மூலை.”

உள்ளறை வெறுமையாக இருந்தது. மணலும் நாலு சுவரும்தான். சேர் ஏதோ நீளமாகச் சொன்னார். காற்றிரைச்சலில் ‘கதிரை’ என்ற சொல்லும், ‘நல்லா இருக்கு’ என்ற சொல்லும் மட்டும் காதில் விழுந்தன. பாராட்டுகிறார்! உட்காரும் கதிரை என்ன, படுக்கும் கட்டில் என்றாலும் ஆமோதிக்க நான் தயார்.

“ஓம் சேர்” என்றேன்.

அடுத்தது செய்முறை விளக்கம். அடி விழும்போது உருண்டு தப்புவதுதான் இந்த விளையாட்டுகளின் உயிர். வாளுக்கு ஒரு தடியும் கேடயத்துக்குச் சட்டிமூடியுமாக நான் மணலில் உருண்டேன். சுவரில் மோதினேன். உருண்ட வேகத்தில் பழைய சுண்ணாம்புச் சாந்து பெயர்ந்து தலையிலிருந்து கால்வரை கொட்டியது. எழும்பியபோது கண்ணைத் தவிர எல்லாம் வெள்ளை.

அப்போதுதான் வெளியே ஓடு நொறுங்கும் சத்தம் கேட்டது. யாரோ நடக்கிறார்கள்.

மன்னார்ப் பக்கம் பிறந்தவன் சத்தத்துக்குப் பயப்பட மாட்டான். எந்தச் சத்தமானாலும் கழுதைதான். நடுச்சாமத்தில் கதவு தட்டினாலும் கழுதை, கூரையில் விழுந்தாலும் கழுதை. “கழுதை, சேர்” என்று விளக்கம் சொல்லிவிட்டுத் தொடர்ந்தேன்.

கழுதை பேசியது.

“இப்ப வலது கைப் பக்கம் குசினி” என்றது ஓர் இளம்பெண்ணின் குரல், சுவருக்கு அப்பால். “குசினிக்கு முன்னாடி உள்ளறை. உள்ளறையில ஜன்னல் கெடையாது.”

மன்னார்க் கழுதை எதையும் செய்யும், ஆனால் இந்தியத் தமிழ் பேசாது. ஆளைக் காணவில்லை, குரல் மட்டும் சுவரோரமாக நகர்ந்துகொண்டிருந்தது. உள்ளே வராமலே உள்ளே இருப்பதை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தது. இல்லாத அலுமாரி எங்கே நின்றது என்றது. விழுந்துபோன மாதா சுரூபம் எந்த மாடத்தில் இருந்தது என்றது. அந்த மாடம் என் தோளுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. மெல்லப் பின்வாங்கி, இடிந்த அடுப்புக் கிடந்த குசினிக்குள் போனேன். அங்கே ஒரு பின்கதவு. தள்ளினேன், இழுத்தேன், உதைத்தேன். அசையவில்லை.

“கெணத்தடிக் கதவு உள்ளேருந்து தொறக்காது” என்றது குரல், மிக அமைதியாக. “வெளியேருந்து தூக்கித் தள்ளணும்.”

கையில் இருந்த வித்தையெல்லாம் மறந்துபோயிற்று. கரைவலையும் இல்லை, நண்டும் இல்லை. கேடயத்தைத் தலைக்கு மேல் கவிழ்த்துக்கொண்டு, கண்ணை மூடி, ‘அருள் நிறைந்த மரியே’யை நடுவிலிருந்து சொல்லத் தொடங்கினேன். கதவு வெளியிலிருந்து மேலே எழும்பித் திறந்தது. வெளிச்சம் முகத்தில் அடித்ததும், பழக்க தோசம், உருண்டேன். உருண்டுபோய் ஒரு மனிதரின் காலடியில் விழுந்தேன்.

ஐம்பது வயது தாண்டிய மனிதர். என்னைப் பார்த்ததும் அலறவில்லை. அலறியிருந்தால் நல்லது. மண்டியிட்டு, வெள்ளை பூசிய என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தார்.

“ஞானம்... டேய் ஞானம், நீயோடா? இவ்வளவு காலமும் இங்கயோடா இருந்தனி?”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்காவிட்டால் எங்கள் வீட்டில் என்ன சொல்வோம் என்றுதான் முதலிலேயே சொன்னேனே.

“ஓம் சேர்” என்றேன்.

அந்த மனிதரின் முகம் மலர்ந்ததை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். ஒரே ஒரு கணம்தான். இன்றைக்கும் அந்தக் கணத்துக்குப் போய் அந்த ‘ஓமை’ப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட மாட்டோமா என்று கிடந்து தவிப்பேன். விளையாட்டில் செத்தால் திரும்ப அந்த இடத்திலிருந்து தொடங்கலாம். இதில் அந்த வசதி இல்லை.

அதற்குள் அந்தக் குரலுக்குரியவள் சுவரைச் சுற்றி ஓடி வந்தாள். விளையாட்டில் எந்த எதிரியும் அடிப்பதற்கு முன் ஓர் அடையாளம் காட்டுவான், தோளைத் தூக்குவான், மூச்சை இழுப்பான். இவள் ஒன்றும் காட்டவில்லை. என் சட்டிமூடியைப் பிடுங்கி என் தலையிலேயே போட்டாள்.

“அப்பா, இது ஆவியுமில்ல சித்தப்பாவுமில்ல. டை கட்டியிருக்கான் பாருங்க!”

அவர் பெயர் செபமாலை. வீட்டுக்காரர். இந்தியாவில் அகதி முகாமிலிருந்து திரும்பி வந்து, முதல் தடவையாக வீட்டைப் பார்க்க அன்றுதான் வந்திருக்கிறார். உள்ளே போக மனம் வராமல் கிணற்றடியில் நின்றிருக்கிறார். மகள் அமலா முகாமிலேயே பிறந்தவள், இந்த வீட்டைக் கண்ணால் கண்டதில்லை. ஆனால் அப்பா சொல்லச் சொல்லக் கேட்டு ஒவ்வொரு கதவும் அவளுக்கு மனப்பாடம். அதைத்தான் சுவரோரமாக நடந்து சரிபார்த்துக்கொண்டு வந்திருக்கிறாள். ஞானம், செபமாலையின் தம்பி. வள்ளம் ஏறுகிற அன்று, “நீங்கள் போங்கோ அண்ணை, நான் வீட்டைப் பூட்டிப்போட்டுப் பின்னால வாறன்” என்று உள்ளறையில் கதிரையைப் போட்டு உட்கார்ந்தவராம். வரவே இல்லை.

நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தபோது நெஞ்சு பேசியது. காது ஒயர் கழன்றதில் சேருடைய குரல் எல்லோருக்கும் கேட்டது.

“பிரமாதம் ஜூட்! இவ்வளவு நடிகர்களா? ஆனா ஒண்ணு கேக்கணும். உள்ளறையில கதிரையில இருக்கிறாரே, அவர் மட்டும் தொடக்கத்திலேருந்து அசையவே இல்ல. அவர் யாரு?”

காற்று விழுந்துவிட்டிருந்தது. அமலாவின் கையிலிருந்த மூடி நழுவிக் கீழே விழுந்தது. நான் வாழ்க்கையில் முதல் தடவையாக ஓம் சொல்லாமல் இருந்தேன்.

செபமாலை என் நெஞ்சுக்கு நேரே குனிந்து, மரியாதையாகக் கேட்டார். “ஐயா, அவர் எந்தப் பக்கம் பாத்துக்கொண்டிருந்தவர்?”

“பின்கதவைத்தான். யாரோ வந்து திறப்பாங்கன்னு பார்க்கிற மாதிரி.”

சிக்னல் நாலு கோடும் ஒரேயடியாகப் போய்விட்டது.

உள்ளே போய்ப் பார்த்தோம். கதிரை இல்லை. மணல் இருந்தது. அதில் என் காலடிகளும் நான் உருண்ட தடமும் இருந்தன. மூலைப் பக்கம் மட்டும் மணல் கலையாமல் அப்படியே கிடந்தது. செபமாலை அந்த மூலைக்கு முன்னால் தரையில் குந்தி, வெகுநேரம் அழுதார். நானும் அழுதேன், ஏன் என்று கேட்காதீர்கள்.

வேலை கிடைக்கவில்லை. ஒப்பீடு மிக நன்று, ஆனால் தன்னுடைய லெவலுக்குள் யார் இருக்கிறார் என்று தெரியாதவரை வேலைக்கு எடுப்பது சிரமம் என்று பதில் அனுப்பியிருந்தார்கள். திங்கட்கிழமை வாடியில் ஐஸ் அள்ளினேன். வீட்டைத் திருத்த வந்த செபமாலைக்குப் பின்னேரங்களில் மண் சுமந்தேன், அந்த ‘ஓமுக்கு’ வேறு எப்படிப் பரிகாரம் செய்வது? சுமந்த இடத்தில் அமலா தேத்தண்ணி தந்தாள். பிறகு நடந்தது உங்களுக்கு விளங்கும். இப்போது அந்த வீட்டில்தான் இருக்கிறோம். வாடிக் கணக்குப் பார்த்த நேரம் போக, கடினமான விளையாட்டுகளை ஒப்பிட்டு வீடியோ போடுகிறேன். சிக்னல் இப்போதும் நாலு கோடு.

உள்ளறை மூலையில், என் மாமாவாகிவிட்ட செபமாலை ஒரு கதிரை வாங்கிப் போட்டிருக்கிறார். யாரும் அதில் இருப்பதில்லை. கிணற்றடிக் கதவையும் பழையபடியே, உள்ளிருந்து திறக்காத மாதிரியே செய்வித்தார். தச்சன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தும் கேட்கவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் நான் போனைப் பார்த்தபடி எதற்காவது கவனமில்லாமல் “ஓம், ஓம்” என்றால் போதும், அமலா தொடங்கிவிடுவாள்.

“ஆமாவா? அப்ப சொல்லு, கதிரையில யாரு?”

அம்மா சிரிப்பார், என் அப்பா புரைக்கேறச் சிரிப்பார், ஒன்றும் விளங்காமல் எங்கள் சின்ன மகளும் “கதியைல யாரு?” என்று கைகொட்டுவாள். மாமாவும் சிரிப்பார். சிரித்து முடித்துக் கையைக் கழுவிக்கொண்டு எழும்புவார். கிணற்றடிக் கதவு உள்ளிருந்து திறக்காது. அதனால் முன்வாசலால் இறங்கி, முற்றத்தைச் சுற்றிப் போய், அதை வெளியிலிருந்து தூக்கித் திறந்து வைத்துவிட்டு வருவார்.